மூன்றாம் கம்பத்துச் சேறு

எண்ணூர் விரைவுச் சாலைக்கு அந்தப் பெயரை வைத்தவரை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். ராயபுரம் தாண்டியதும் எங்கள் ஷேர் ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்தார், இறங்கினார், எதிர்க்கடையில் டீ சொன்னார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "யம்மா, நீயும் எறங்கி ஒரு டீ குடி. லாரி நவுந்தா கூவுறேன்" என்றார். முன்னே துறைமுகம் வரைக்கும் கன்டெய்னர் லாரிகள். ஒரு லாரிக்கு அடியில் ஓட்டுநர் தூளி கட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் நானும் இறங்கிவிட்டேன்.

பின்சீட்டில் இரண்டு வடநாட்டு இளைஞர்கள். ஒருவன் கையில் போன். மற்றவன் இந்தியில் சொல்லிக்கொடுத்தான்: "கடல் பக்கத்தில்தான் வேலை என்று அம்மாவிடம் சொல்." "கடலைப் பார்த்தாயா என்று கேட்பாளே?" "கன்டெய்னருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்."

நான் வசிக்கும் நெதர்லாந்து ஊரில் ரயில் இரண்டு நிமிடம் தாமதித்தால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். இங்கே டீ குடித்து முடிப்பதற்குள் ஆட்டோக்காரரின் மகள் பிளஸ் டூவில் என்ன குரூப் எடுத்தாள் என்பது வரைக்கும் தெரிந்துவிட்டது.

நான் கரூர்க்காரி. ஈரநிலங்களைப் பற்றி ஆய்வு செய்யப் போனவள். ஊருக்கு விடுமுறையில் வந்தவள் அம்மாவின் முறைப்பையும் மீறி வடசென்னைக்குக் கிளம்பியதற்குக் காரணம் நான் கேட்ட ஒரு கேள்வி.

கொஞ்சம் விளக்க வேண்டும். அறிவியல் கட்டுரை ஒன்றை இதழுக்கு அனுப்பினால், பெயர் தெரியாத இரண்டு மூன்று பேர் அதைப் படிப்பார்கள். மாதங்கள் கழித்து ஏற்றோம் என்றோ மறுத்தோம் என்றோ ஒரு கடிதம் வரும். உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்பது வெளியே தெரியாது. வழக்கம் அதுதான். நான் வேலை பார்க்கும் சின்ன இதழ் வேறு மாதிரி. கட்டுரையை உடனே இணையத்தில் போட்டுவிடுவோம். படித்துக் குறை சொல்பவர் தன் பெயரைப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். எழுதியவர் அங்கேயே பதில் எழுதலாம், திருத்தலாம். எல்லாம் ஊரறிய. ஏற்பு, மறுப்பு என்ற பேச்சே கிடையாது. அறிவியலின் எதிர்காலம் இதுதான் என்று என் மடிக்கணினியின் முதுகில் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கிறேன்.

அப்படி என்னிடம் வந்தது எண்ணூர்க் கழிமுகத்து இறாலைப் பற்றிய ஒரு கட்டுரை. எழுதியவர்கள் இருவர். ஒருவர் செல்வி, திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளர். இன்னொருவர் தேசம்மாள், கல்லூரிப் பெயர் வர வேண்டிய இடத்தில் 'நெட்டுக்குப்பம்' என்று மட்டும் இருந்தது. கையால் தடவி இறால் பிடிக்கும் பெண் அவர். அடிச்சேறு எப்படி இருந்தால் எந்த இறால் தங்கும் என்று, கழிமுகத்தில் ஆறு சவுக்குக் கம்பங்களை நட்டு, ஒரு வருடம் பார்த்து எழுதியிருந்தார்கள். சேற்றை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள்: மாவு, வழுக்கு, கரகரப்பு. எல்லாம் தேசம்மாவின் கைக்கணக்கு.

நான் கேட்டது இவ்வளவுதான்: அதே சேற்றை இன்னொருவர் தொட்டால் அதே பெயரைச் சொல்வாரா?

செல்வியின் பதில் இப்படி வந்தது: 'நியாயமான கேள்வி. தேசம்மா உங்களையே வரச் சொல்கிறாள். வந்தால் நீங்களும் தண்ணீரில் இறங்க வேண்டுமாம்.'

திருவொற்றியூர் தேரடியில் செல்வி ஸ்கூட்டியோடு நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். என் பையைப் பிடுங்கி முன்னால் வைத்துக்கொண்டு, "மொதல்ல அத்தோ சாப்பிடலாம். பேசுறதெல்லாம் அப்புறம்" என்றாள்.

அத்தோ பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸில் முட்டைக்கோசு, வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய தட்டை எல்லாவற்றையும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். இரண்டு வருடமாகக் குளிர்ந்த ரொட்டியும் சீஸும் மென்ற வாய் இது. முதல் வாயிலேயே மூக்கில் தண்ணீர் வந்தது. தள்ளுவண்டிக்காரர், "காரம் ஏறிப்பூட்ச்சா? சூப்ப குடி, சூப்ப குடி" என்று கேட்காமலேயே கிண்ணத்தை நிரப்பினார்.

இரண்டாவது தட்டு பாதியில் இருக்கும்போதுதான் செல்வி சொன்னாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு நேர்காணல். ஒப்பந்த வேலை நிரந்தரமாகுமா, இந்த வருடத்தோடு முடியுமா என்று அன்றைக்குத் தெரியும்.

"கட்டுரை ஒண்ணு குறையுது. இதைக் காட்டினா சரியாயிடும். ஆனா குழு கேக்குறது ஏற்புக் கடிதம். உங்க இதழ்ல அது கிடையாதே."

"ஏற்பே கிடையாதுங்க. அறிவியலோட எதிர்காலமே அதுதான்" என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

"தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினேன். அப்போ இப்படி ஒரு நேர்காணல் வரும்னு தெரியாது." சூப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்: "உங்க எதிர்காலம் எப்போ வரும்? எனக்கு வெள்ளிக்கிழமை."

அங்கேயே போனில் எங்கள் இதழாசிரியருக்கு எழுதினேன்: ஒரு கடிதம், ஒரே ஒரு கடிதம் தர முடியுமா? 'அந்தச் சொல்லை நாம் பயன்படுத்துவதில்லையே' என்று உடனே பதில் வந்தது. கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

மறுநாள் காலை, நீர் இறங்கும் நேரத்துக்கு நெட்டுக்குப்பம் போனோம். வழியெல்லாம் வலை பிரித்து உதறிக்கொண்டிருந்தார்கள். கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், இந்தப் பக்கம் ஒரு கோயில், ஒரு சர்ச், நடுவில் வெயில்.

தேசம்மா என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "இவதான் கேள்வி கேட்டவளா? இன்னாடி செல்வி, படா ஆளுன்னு சொன்னே, பள்ளிக்கோடத்துப் பொண்ணு மாரி கீது."

"வயசு சின்னது, கேள்வி பெருசுடி" என்றாள் செல்வி. அதுவரை கல்லூரித் தமிழ் பேசியவள் ஒரே நொடியில் ஊர்ப்பேச்சுக்கு மாறியிருந்தாள். இருவரும் காத்திவாக்கத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். தேசம்மா பத்தாவதோடு நின்றாள், செல்வி நிற்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம் என்பதுபோல ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள்.

"வா ஃபாரின், எறங்கு" என்றாள் தேசம்மா. அன்றிலிருந்து என் பெயர் அதுதான்.

தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. நெதர்லாந்தில் எங்கள் ஊர்க் கால்வாயில் யாரும் காலை வைப்பதில்லை. படகில் போய்ப் படம் எடுப்பார்கள். இங்கே இடுப்பளவு நீரில் ஏழெட்டுப் பெண்கள். ஒவ்வொருவர் வாயிலும் ஓலையில் முடைந்த ஒரு கூடை. பறி என்கிறார்கள். விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டால் இரண்டு கையும் காலியாகும். குனிந்து, சேற்றை இரண்டு உள்ளங்கையாலும் தடவிக்கொண்டே போய், இறால் தட்டுப்பட்டதும் அமுக்கி எடுத்துப் பறிக்குள் போட வேண்டும். நான் முதலில் பிடித்தது ஒரு செருப்பின் வார். இரண்டாவதாகப் பிடித்த இறால் என் விரலைக் குத்திவிட்டுப் போனது.

சோதனைக்கு ராணியையும் அழைத்திருந்தாள் செல்வி. அடுத்த தெரு, தேசம்மாவுக்கு ஈடான கைக்காரி. ஒருத்தி சொல்வது மற்றவள் காதில் விழக் கூடாது என்றேன். தேசம்மா பறியைத் தட்டிக் காட்டினாள். "நாள் பூரா இத்த வாயில வச்சினுகீறோம். எங்கேர்ந்து பேசறது? வெரல்ல காட்டுறோம். மாவுன்னா ஒண்ணு, வழுக்குன்னா ரெண்டு, கரகரன்னு இருந்தா மூணு."

இப்படி ஒருவர் பதில் இன்னொருவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள எங்கள் ஆய்வகத்தில் தனி மென்பொருளே உண்டு. இங்கே ஓலைப் பறி அந்த வேலையைப் பார்த்தது. தேசம்மா கம்பம் கம்பமாகப் போனாள். ராணி கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பிறகு ராணியின் முறை. நான் விரல்களைக் குறித்துக்கொண்டே வந்தேன். முதல் கம்பம் ஒத்துப்போனது. இரண்டாவதும். மூன்றாவது கம்பத்தில் தேசம்மா ஒரு விரல் காட்டியிருந்தாள். ராணி மூன்று காட்டினாள். மற்ற மூன்றிலும் சிக்கல் இல்லை.

பறிகள் வாயிலிருந்து இறங்கியதும் நான் குறித்ததை வாசித்தேன். சண்டை ஆரம்பித்தது.

"மூணாங் கம்பத்தாண்ட கரகரப்பா? கைய எங்க வச்சே, கம்பத்து மேலயா?"

"ஒன் கையிலதான் மருதாணி கீது, ஒனக்கு எப்டி சேறு தெரியும்? அடியில கரண்டு கம்பெனி சாம்பலு, மேலாக்க மாவு. நீ மேல தடவிட்டு வந்துட்டே."

"நான் மேல தடவுனேனா? யாருகிட்ட சொல்றே? ஃபாரின், எழுது. ராணி தப்புன்னு எழுது."

"எழுதுவா, எழுதுவா. ஒனக்கு அவ இன்னா கணக்குப்புள்ளையா?"

செல்வி சிரித்துச் சிரித்துத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ உடம்பெல்லாம் துள்ளியது. ஆறில் ஐந்து ஒத்துப்போகிறது. மீதி ஒன்று ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்கு ஒரு ஊகமும் கிடைத்துவிட்டது: மேலே ஒரு சேறு, அடியில் ஒரு சேறு. அன்றைக்கே செல்வி இணையத்தில் என் கேள்விக்குக் கீழே எழுதினாள்: மூன்றாம் கம்பத்தில் தேசம்மாள் இப்படிச் சொல்கிறார், ராணி அப்படிச் சொல்கிறார், எது சரி என்று இன்னும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவளுடைய துறைத்தலைவர் போன் செய்தார். செல்வி ஸ்பீக்கரில் போட்டாள். நல்ல மனிதர் என்பது குரலிலேயே தெரிந்தது. அவருக்குத் தெரிந்த பழைய இதழ் ஒன்று, கல்லூரி ஏற்கும் பட்டியலில் இருப்பது. இதே கட்டுரையை எங்கள் இதழிலிருந்து எடுத்துவிட்டு அங்கே கொடுத்தால், வியாழக்கிழமைக்குள் ஏற்புக் கடிதம் வந்துவிடும். ஒரே ஒரு மாற்றம்தான். "கல்வி நிறுவனம் இல்லாதவங்க பெயரை அவங்க போடமாட்டாங்கம்மா. அந்தம்மா பெயரைக் கடைசியில நன்றின்னு போட்டுக்கலாமே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

செல்வி போனை வைத்தாள். நான் பேசினேன், முறை, நியாயம், எதிர்காலம் என்று மூச்சுவிடாமல். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "எல்லாம் சரி. உங்களுக்குத் திரும்பிப் போக ஒரு ஆய்வகம் இருக்கு."

மறுநாள் மதியம் தேசம்மா வீட்டு வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். செல்வி நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தானும் ஒரு இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளினாள்.

"தேசம், ஒன் பேர கீழ போடச் சொல்றாங்கடி. நன்றின்னு."

"கீழன்னா எங்க?"

"கடைசில."

"ஆரு பாப்பாங்க அங்க?"

"யாரும் பாக்கமாட்டாங்க."

தேசம்மா இரண்டு இறாலை உரித்தாள். மூன்றாவதை எடுத்தாள். "போட்டா ஒனக்கு வேலை கெடைக்குமா?"

"கெடைக்கும்னு சொல்றாங்க."

"போடு அப்போ. இதுக்கா இம்மாந்தூரம் வந்தே?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கை நின்றுவிட்டது. கையிலிருந்த இறாலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்த மூணாங் கம்பத்த இன்னா பண்ணுவே?"

"இன்னா பண்ணுவேன்?"

"தேசம்மா ஒண்ணு சொன்னா, ராணி ஒண்ணு சொன்னான்னு எழுதிக்கீறல்ல. என் பேரு இல்லன்னா ராணி ஆருகூட சண்ட போட்டா? காத்துகூடயா?" இறாலைச் சட்டிக்குள் எறிந்தாள். "நாளைக்கு அது தப்புன்னு ஆச்சின்னா, ஆரு சொன்னதுன்னு வந்து கேப்பான். நான் சொன்னதுன்னு இருக்கணும்டி. சரியா சொன்னதுக்கு பேரு போடாட்டியும் பரவால்ல. தப்பா சொன்னதுக்கு நான்தான நிக்கணும்? நீ பாவம், ஒனக்கு சேறும் தெரியாது, கம்பமும் தெரியாது."

"எனக்குத் தெரியாதா?"

"எட்டாங்கிளாஸ்ல நண்டு புடிக்கத் தெரியாம அய்தவ நீ."

செல்வி இறால் நாற்றத்தோடேயே முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். நான் என் ஸ்டிக்கரை நினைத்துக்கொண்டேன். பெயரைப் போடுவது என்றால் பெருமையைப் பங்குபோடுவது என்றுதான் எனக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பழிக்கு முன்னால் வந்து நிற்பதற்காகப் பெயர் கேட்ட ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததில்லை.

தேசம்மா இறால் தொக்கு வைத்தாள், சுடுசோற்றோடு சாப்பிட்டோம். நான் மூன்று முறை போட்டுக்கொண்டேன். "துன்னு துன்னு, அங்க போயி ரொட்டிதான" என்றாள். வீடு திரும்பியதும் செல்வி துறைத்தலைவருக்குப் போன் போட்டு, "வேண்டாம் சார், இப்படியே போறேன். மன்னிச்சுக்கோங்க" என்றாள். அவர் பெருமூச்சு விட்டது ஸ்பீக்கர் இல்லாமலேயே எனக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை. எதிர்பார்த்தபடியே சாலை அடைத்துக்கொண்டது. ஸ்கூட்டிகூட நுழைய முடியாத இடைவெளி. செல்வி புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, என் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டு, இரண்டு லாரிகளுக்கு நடுவில் கோப்போடு நடந்தாள். ஒரு லாரி கிளீனர் மேலிருந்து, "அக்கா, லெஃப்ட்ல போ, ரைட்டுல ஆயிலு" என்று வழி சொன்னான். கோப்பில் ஏற்புக் கடிதம் இல்லை. எங்கள் இதழில் நடந்த பேச்சு முழுவதையும் அச்செடுத்து வைத்திருந்தாள்: என் கேள்வி, இன்னும் இருவர் சொன்ன குறைகள், அவள் பதில்கள், மூன்றாம் கம்பம்.

நான் வண்டியோடு கல்லூரி போய்ச் சேர்ந்து, கேன்டீனில் உட்கார்ந்து சமோசாவைத் துண்டு துண்டாக்கிக்கொண்டிருந்தேன். அவள் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஒருத்தர் கடிதம் எங்கன்னு கேட்டார். இல்லைன்னேன். அப்போ கட்டுரை இல்லைன்னு எழுதிக்கிட்டார். இன்னொருத்தர் தேசம்மாள் எந்தத் துறைன்னு கேட்டார். கழிமுகம்னு சொன்னேன், அவர் சிரிக்கல. கடைசி நாற்காலியில ஒரு மேடம். வேதியியல் போல. அவங்க பேசவே இல்ல. அச்செடுத்ததைப் புரட்டிக்கிட்டே இருந்தாங்க. கிளம்பும்போது, 'இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?'ன்னு கேட்டாங்க."

"கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன்." சமோசாத் துண்டு ஒன்றை வாயில் போட்டாள். "அவ்வளவுதான்."

நான் கிளம்பும் நாள் காலை, கடைசியாக ஒருமுறை தண்ணீருக்குப் போனோம். எனக்கு விரல் வீங்கியிருந்ததால் கரையில் உட்காரவைத்து, போன், செருப்பு, சாவி எல்லாவற்றையும் என் மடியில் போட்டுவிட்டார்கள். செல்வியும் அன்றைக்குப் பறி கடித்துக்கொண்டு இறங்கியிருந்தாள். தேசம்மா பக்கத்தில். ராணி தள்ளி, ஐந்தாம் கம்பத்தருகே.

செல்வியின் போன் அடித்தது. துறைத்தலைவர். செல்வியைப் பார்த்து ஆட்டிக் காட்டினேன். எடு என்று தலையை ஆட்டினாள். அவர் சொன்னதைக் கேட்டேன். இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். பிறகு எழுந்து நின்று கத்தினேன்.

"நிரந்தரம் இப்போ இல்லையாம்!"

செல்வி அசையவில்லை. பறி பல்லில் இருந்தது.

"ஆனா வேலை போகலை! ஒரு வருஷம் நீட்டிச்சிருக்காங்க! கட்டுரையைச் சேர்க்கிறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலையாம்! கட்டுரையைத் தள்ள அந்த மேடம் ஒத்துக்கலையாம்! கடிதம் வேண்டாம், மூணு பேரு உட்கார்ந்து முழுசா படிச்சிட்டுச் சொல்லட்டும்னு சொல்லிட்டாங்களாம்! படிக்கப் போறாங்க! எல்லாத்தையும்!"

இத்தனை மாதமாக நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: கட்டுரைகளை எண்ணாதீர்கள், படியுங்கள். முதல்முறையாக யாரோ அதைச் செய்யப் போகிறார்கள். அதற்காக ஒருத்தி இன்னும் ஒரு வருடம் ஒப்பந்தத்தில் காத்திருக்க வேண்டும்.

செல்வியின் கண் நிறைந்தது தெரிந்தது. பறியை விடவில்லை, உள்ளே இறால் இருந்தது. தேசம்மா மட்டும் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்: "மூணு பேரா? எல்லாத்தையும்னா? மூணாங் கம்பத்தையுமா?"

"அதையும்தான்!"

தேசம்மா என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு பறியை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டு, விறுவிறுவென்று மூன்றாம் கம்பத்துக்கு நடந்தாள். அங்கே குனிந்தாள். முகம் தண்ணீரைத் தொடும் அளவுக்குக் குனிந்து, இரண்டு கையும் அடியில், நெடுநேரம். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நிமிர்ந்தாள். கையை உயர்த்தினாள். சேறு வழிந்த ஒரே ஒரு விரல்.

ஐந்தாம் கம்பத்திலிருந்து ராணி, வேலையை நிறுத்தாமலேயே, மூன்று விரலைக் காட்டினாள்.

செல்வியால் அதற்குமேல் முடியவில்லை. சிரித்துவிட்டாள். பறி நழுவிக் கவிழ்ந்தது. காலையிலிருந்து பிடித்த இறால் அத்தனையும் தண்ணீருக்குள் துள்ளிப் போனது. தேசம்மா பார்த்தாள், கண்ணை உருட்டினாள், கையை ஓங்கினாள். திட்ட மட்டும் முடியவில்லை. வாயில் பறி.